கட்சி இல்லாமல் சட்டமன்றத்துக்கு நின்றால் பிரச்சாரம் உள்ளே எப்படி நடக்கும்?

கேள்வி இதுதான்: "என் அண்ணன் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஊராட்சித் தலைவராக ஜெயித்து ஐந்து வருடம் இருந்தார். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க யோசிக்கிறார். ஊரில் நல்ல பெயர் உண்டு, பணம் அதிகம் இல்லை. பிரச்சாரம் உள்ளே எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கி விழுவோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

நான் இரண்டு சட்டமன்றத் தேர்தல்களில் வேட்பாளருக்குத் தலைமை முகவராக இருந்திருக்கிறேன். ஒருவர் சுயேச்சை, இன்னொருவர் ஒரு சின்னக் கட்சிக்காரர். இரண்டு பேரும் தோற்றார்கள், சுயேச்சைக்கு டெபாசிட்டும் போனது. வேட்பாளர் தெருவில் கும்பிட்டுக்கொண்டு போகும்போது தலைமை முகவர் தாலுகா ஆபீஸில் அனுமதிக்கு நிற்பார், ராத்திரி பில்களைப் பிரித்துக் கணக்கு எழுதுவார். அந்த இடத்தில் இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011, 2016, 2021 என்று மூன்று பொதுத்தேர்தல்களில் 234 தொகுதிகளில் ஒன்றில்கூட சுயேச்சை ஜெயிக்கவில்லை. 2021இல் மட்டும் கட்சிக்காரர்களையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பேர் களத்தில் இருந்தார்கள். இடையில் 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தி.மு.க. வேட்பாளருக்கு அங்கே டெபாசிட்டே போனது. அதைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை வருகிறது. ஆனால் அவர் பின்னால் ஒரு கட்சியின் பெரும் பிரிவே நின்றது, மாநிலம் முழுக்க அவர் முகம் தெரியும். உங்கள் அண்ணனுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் நிற்கவே கூடாதா? நிற்கலாம் என்பதுதான் என் கருத்து. ஒரு தொகுதியில் ஒரு மூலையில் உள்ள பத்துப் பதினைந்து ஊர்களின் ஓட்டு ஒரு சுயேச்சைக்குத் திரண்டு விழுந்தால், அடுத்த ஐந்து வருடமும் அந்த ஊர்களின் தண்ணீர்ப் பிரச்சினைக்கும் பஸ் பிரச்சினைக்கும் காது கொடுக்க ஆள் வருகிறது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஓட்டு மைக் செட்டாலும் வேனாலும் வராது. வாக்காளர் பட்டியலை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வரும்.

ஏன் என்று நேரக் கணக்கைப் பாருங்கள். 2021இல் மார்ச் 12ஆம் தேதி வேட்புமனு தாக்கல் தொடங்கியது. 19 கடைசி நாள், 20 பரிசீலனை, 22 வாபஸ் வாங்கக் கடைசி நாள். அன்று மாலைதான் சின்னம் கையில் வந்தது. பிரச்சாரம் ஏப்ரல் 4 மாலை 7 மணிக்கு ஓய்ந்தது, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. ஆக, சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கிடைத்தது 13 நாள். மைக்கில் பேச காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான் அனுமதி. அப்போது மாநிலத்தில் 6 கோடியே 28 லட்சம் வாக்காளர்கள், தொகுதிக்குச் சராசரியாக 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். வேட்பாளர் சாப்பிடாமல் உட்காராமல் நடந்தாலும் நிமிடத்துக்கு 20 பேருக்கு மேல் பார்த்தால்தான் எல்லோரையும் பார்த்து முடிக்கலாம். நடக்காத காரியம். பெரிய கட்சிக்கு இது பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு கிளையிலும் செயலாளர் இருக்கிறார், சின்னம் பேரன் பேத்திக்குக்கூடத் தெரியும். வேட்பாளர் ஜீப்பில் கைகூப்பியபடி ஒரு சுற்று போனால் போதும்.

ஊராட்சித் தேர்தல் அனுபவம் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, எல்லோருக்கும் தனிச் சின்னம்தான். சில ஆயிரம் ஓட்டு, எல்லோரும் தெரிந்த முகம். "எங்களுக்கு ஓட்டுப் போட்டவங்கதானே இவங்க" என்று அண்ணன் நினைக்கலாம். அதே ஆள், அதே அன்போடு, சட்டமன்றத் தேர்தலில் தன் பழைய கட்சிச் சின்னத்தில் அழுத்திவிட்டு வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பார். அதில் துரோகம் எதுவும் இல்லை. அவர் மனதில் இரண்டும் வேறு வேறு தேர்தல்.

அதனால் முதல் வேலை, தொகுதி முழுக்க ஓடும் எண்ணத்தை விடுவது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000க்கு மேல் வாக்குச்சாவடிகள் இருந்தன. அதாவது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஏறத்தாழ 290 பூத். அத்தனையிலும் ஆள் போட சுயேச்சையால் முடியாது. நாங்கள் முதல் தடவை செய்த பெரிய தப்பு அதுதான். எல்லா ஒன்றியத்துக்கும் வேன் விட்டோம், எங்கேயும் ஆழமாகப் போகவில்லை. எண்ணி முடித்தபோது பாதிக்கு மேற்பட்ட பூத்களில் பத்து ஓட்டுக்குக் கீழே. அண்ணனுக்கு முகம் தெரிந்த, சொந்தம் பந்தம் உள்ள, அவர் தலைவராக இருந்தபோது ஏதாவது வேலை நடந்து அந்தப் பேச்சு பரவியிருக்கிற 60 அல்லது 70 பூத்தைத் தேர்ந்தெடுங்கள். மீதி இடங்களில் ஒரு ஆட்டோ மைக்கும் நோட்டீஸும் போதும்.

அந்த 60 பூத்துக்கும் பட்டியல் வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பிரச்சாரத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது தேர்தலில் எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். தினமும் காலை ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்காருவார். பாகம் பட்டியலை, அதாவது அந்த ஒரு பூத்துக்கான வாக்காளர் பட்டியலை, மடியில் விரித்து, சட்டைப்பையில் இருந்து மூன்று கலர் பென்சிலை எடுப்பார். விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்துவார். "இவரு போயி மூணு வருஷமாச்சு. இது கட்டிக் குடுத்த பொண்ணு, இப்ப தாராபுரம். இவன் திருப்பூர்ல பனியன் கம்பெனி, ஓட்டுக்கு வருவான், ஆனா ராத்திரி பஸ்ஸுல வந்து காலைல ஏழு மணிக்கே போட்டுட்டு ஓடிருவான். இந்த வீட்டுல நாலு ஓட்டு, நாலும் அம்மா சொல்றபடிதான்." ஊரில் இல்லாதவர்களுக்குச் சிவப்பு, வெளியூரில் இருந்து வருபவர்களுக்கு நீலம், நேரில் போய்ப் பேச வேண்டிய வீட்டுக்குப் பச்சை. ஒரு பாகத்தை முடிக்க அவருக்கு இரண்டு காலை ஆகும். ஆனால் முடித்த பிறகு எந்த வீட்டுக்கு யார், எந்த நேரத்தில் போக வேண்டும் என்று எங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் வேலை பார்த்த பூத்களில்தான் நாங்கள் இரண்டாமிடம் வந்தோம். அந்த மாதிரி ஆள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். பால் சொசைட்டியில் கேன் எழுதுபவர், ரேஷன் கடையில் எடை போட்டவர், பழைய சத்துணவு அமைப்பாளர். கட்சிக்காரர்கள் கண்ணுக்கு இவர்கள் படுவதில்லை.

பழைய பட்டியலை வைத்து வேலை பார்க்காதீர்கள். 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிர திருத்தத்தில் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கியிருந்தன. இறந்தவர், வீடு மாறியவர், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது. உங்கள் பக்கத்து ஆள் பெயர் அதில் போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விட்டுப்போனவருக்குப் பெயர் சேர்க்கும் படிவம் 6 போட்டுக் கொடுப்பதுகூட ஒரு பிரச்சாரம்தான், அதுவும் எந்தச் செலவும் இல்லாத பிரச்சாரம். தேர்தல் நெருங்க நெருங்க அந்தக் கதவு மூடிவிடும், வேட்புமனு நேரத்தில் போய்க் கேட்டால் வேலைக்கு ஆகாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்குப் பட்டியல் இலவசம். சுயேச்சை காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதையும் செலவில் எழுதிவிடுங்கள்.

சரி, மனுவுக்கு வருவோம். பிரச்சாரம் தொடங்கும் முன்பே பல சுயேச்சைகளின் கதை இங்கே முடிந்துவிடுகிறது.

வயது 25 நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். வேறு தொகுதிக்காரர் என்றால் பட்டியலின் சான்றிட்ட நகல் தர வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பி வரும். பெரிய கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பத்துப் பேர் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். ஆர்.கே. நகரில் 2017 டிசம்பரில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதே இதனால்தான். பத்துப் பேரில் இரண்டு பேர், அது எங்கள் கையெழுத்து இல்லை என்றார்கள். அவ்வளவு பிரபலமானவருக்கே அந்த நிலை. நாலு மனு வரை போடலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். ஒவ்வொரு மனுவிலும் வேறு பத்துப் பேரை வையுங்கள். கடைசி நேரத்தில் யாரோ மிரட்டினால் பின்வாங்காதவர்களாகப் பாருங்கள். நெருங்கிய உறவுக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் நல்லது.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. இல்லை என்றால் 'இல்லை', பொருந்தாது என்றால் 'பொருந்தாது' என்று எழுதுங்கள். மனைவி, பிள்ளைகள் பேரில் உள்ள நகை, நிலம், கடன் எல்லாம் வர வேண்டும். கிரிமினல் வழக்கு இருந்தால் அதையும் சொல்லி, செய்தித்தாளிலும் டிவியிலும் மூன்று தடவை விளம்பரம் செய்ய வேண்டும், அந்தச் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். மனு கொடுத்த பிறகு உறுதிமொழி எடுக்க மறக்காதீர்கள். அதைப் பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

முன்னாள் ஊராட்சித் தலைவர் என்பதால் ஒன்று தனியாகக் கேட்கிறேன். அண்ணன் பேரில் அரசு ஒப்பந்த வேலை ஏதாவது ஓடுகிறதா? ரோடு, சிறுபாலம், கட்டடம் மாதிரி? மாநில அரசோடு நடப்பில் உள்ள ஒப்பந்தம் இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 9ஏ படி தகுதி போய்விடும். வேலை முழுக்க முடிந்து பில் பணம் மட்டும் வர வேண்டியிருந்தால் பாதகமில்லை. பாதியில் நிற்கிற வேலை என்றால் இப்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பரிசீலனை முடிந்து வாபஸ் நேரமும் முடிந்ததும் சின்னம். அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று சின்னம் கேட்டிருந்தோம், முதல் இரண்டும் வேறு ஆட்களும் கேட்டதால் குலுக்கலில் போனது. எங்களுக்கு வந்தது தையல் மெஷின். அச்சகத்தில் சின்னத்துக்கு இடம் விட்டு நோட்டீஸைக் கோத்து வைத்திருந்தார்கள். நான் போனில் சொன்ன பத்தாவது நிமிடம் மெஷின் ஓடத் தொடங்கியது. மறுநாள் காலை முதல் ஊரில் வேட்பாளர் நோட்டீஸைக் கொடுத்தபோது ஒரு அம்மா வாங்கிப் பார்த்தார். ஜாக்கெட் தைப்பவர், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குகிறது. "இது எங்க வீட்டுலயே இருக்கே கண்ணு" என்று உள்ளே கூட்டிப்போய் மெஷினைக் காட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு ஊரிலும் தையல்காரர் வீட்டுத் திண்ணையில்தான் வேனை நிறுத்தினோம். ஓட்டுக் கேட்டு பேச்சு நீளவே வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும். உங்களுக்கு எந்தச் சின்னம் வந்தாலும் அது புழங்குகிற வீட்டை, கடையைத் தேடிப் பிடியுங்கள். 13 நாளில் ஒரு சின்னத்தை மனதில் பதிய வைக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

பெயர்க் குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழத்தில் நின்றபோது அதே பெயரில் இன்னும் பலர் நின்றார்கள். இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பிறகு பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஆகவே அண்ணன் பெயர் கீழே எங்கோதான் இருக்கும். ஒரு இயந்திரத்தில் நோட்டாவோடு சேர்த்து 16 இடம், அதற்கு மேல் போனால் இரண்டாவது இயந்திரம். "ரெண்டாவது பெட்டியில மேலிருந்து நாலாவது" என்று வரிசை எண்ணையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். புகைப்படம் 2015இலிருந்து வருகிறது. மனுவோடு தரும் படத்தில் அண்ணன் தெருவில் எப்படித் தெரிவாரோ அப்படியே இருக்கட்டும். எப்போதும் மீசையும் நெற்றியில் திருநீறுமாக இருப்பவர் ஸ்டுடியோவில் வேறு ஆளாக மாறி உட்கார்ந்தால் பாட்டிகளுக்கு அடையாளம் தெரியாது.

மோடக்குறிச்சியைச் சொல்லாமல் வேட்பாளர் எண்ணிக்கையைப் பற்றிப் பேச முடியாது. 1996இல் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய், அந்த வருடமே அது 5,000 ஆனது. அதே மோடக்குறிச்சியில், அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், 2021இல் பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலில் தி.நகரில் வித்தியாசம் 137. இரண்டு மூன்று பூத்துக்கு ஒரு ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுயேச்சை வாங்கும் ஆயிரம் ஓட்டு யாருக்கும் பொருட்டில்லை என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள். வாபஸ் நாளுக்கு முன் உங்கள் வீட்டுக்குப் பெரிய ஆட்கள் வந்து பேசுவதும் இதனால்தான். அப்போது என்ன சொல்வது என்று அண்ணனும் அண்ணியும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளட்டும். அந்த ராத்திரி யோசிக்க நேரம் கிடைக்காது.

இனி பணம். 2022 ஜனவரியில் இருந்து தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். 2021 தேர்தலில் அது 30 லட்சத்து 80 ஆயிரமாக இருந்தது. 40 லட்சம் பெரிய தொகையாகத் தெரியும், தலைக்குப் பிரித்தால் வாக்காளருக்கு 15 ரூபாய்தான் வரும். உங்களைப் போன்றவர்கள் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகப் போவதில்லை. எங்கள் சுயேச்சை வேட்பாளர் சில லட்சத்தில் முடித்தார். ஆனால் குறைவாகச் செலவழித்தவருக்கும் கணக்கு எழுதும் வேலை குறையாது.

மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். வரும் பணம், போகும் பணம் எல்லாம் அதன் வழியாக. ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தால் ரொக்கம் கூடாது. தேர்தல் அலுவலகத்தில் ஒரு பதிவேடு தருவார்கள். வெள்ளைப் பக்கத்தில் அன்றாடச் செலவு, ரோஸ் பக்கத்தில் ரொக்கம், மஞ்சள் பக்கத்தில் வங்கி. பிரச்சார நாட்களில் குறைந்தது மூன்று தடவை, தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன்னால் அதைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அவர்கள் கையில் இன்னொரு பதிவேடு இருக்கும், நிழல் பதிவேடு. உங்கள் கூட்டத்தை அவர்களுடைய ஆட்கள் வீடியோ எடுத்து நாற்காலி எத்தனை, மைக் எத்தனை, துண்டு எத்தனை என்று எண்ணியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். டீ, டிபன் வரை அதில் உண்டு.

எங்கள் வேனில் ஒரு தையல்காரப் பெரியவர் தன் பழைய மெஷினை ஏற்றிக் கட்டிவிட்டார். சும்மா கொடுத்தது, மூன்று நாள் வேனோடு சுற்றியது. முதல் கணக்குச் சோதனையில் அந்த அலுவலர் வீடியோவை நிறுத்தி, "இந்த மெஷினுக்கு வாடகை எங்கே?" என்று கேட்டார். இலவசமாகக் கிடைத்த பொருளுக்கும் சந்தை மதிப்பை எழுத வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பெரியவரிடமும் ஒரு தாள் வாங்கி வைத்தோம். அவர்கள் கேட்பது தப்பில்லை. கோடிக்கணக்கில் கொட்டுகிறவர்களைப் பிடிக்க வைத்திருக்கும் வலை அது, அதில் நம் மெஷினும் மாட்டுகிறது. ராத்திரி எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைய பில்லை அன்றே எழுதிவிடுங்கள். மூன்று நாள் விட்டால் எந்தப் பெட்ரோல் பில் எந்த வண்டிக்கு என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

ஆரத்தி ஒரு பெரிய தர்மசங்கடம். ஊருக்குள் நுழைந்ததும் பெண்கள் தட்டோடு நிற்பார்கள். மஞ்சள் நீர், வெற்றிலை, எரியும் கற்பூரம். தட்டில் பணம் போடுவது வழக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், போடாமல் நகர்ந்தால் முகம் சுருங்குகிறது. ஆனால் பறக்கும் படையின் கேமராவுக்கு அது ஓட்டுக்குக் கொடுத்த பணம், வழக்கும் வரலாம். நாங்கள் முந்தின நாளே ஊரில் பெரியவரிடம் சொல்லி, "தட்டு எடுங்க, ஆனா காசு போட மாட்டாரு, தப்பா நினைக்காதீங்க" என்று பேசி வைத்தோம். வேட்பாளர் பொட்டை நெற்றியில் வாங்கிக்கொண்டு, வயதானவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு நகர்வார். முதல் இரண்டு ஊரில் சங்கடமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துக்கொண்டு வண்டியில் போகாதீர்கள். உங்கள் சொந்தப் பணமே என்றாலும் ஆவணம் இல்லாவிட்டால் பிடித்துவிடுவார்கள்.

இது பட்டுவாடாவுக்கு வந்து நிற்கிறது. கடைசி இரண்டு ராத்திரி என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பேரே நிலைத்துவிட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலையே ரத்து செய்து நவம்பரில் மறுபடி நடத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகருக்கும் அதேதான். அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கொடுக்கத் தொடங்கினால் அந்தப் போட்டியில் உங்களால் நிற்கவே முடியாது, கொடுக்காதவர் என்று உங்களுக்கு இருந்த ஒரே வித்தியாசமும் போய்விடும். பணம் வாங்கியவர்கள் எல்லோரும் வாங்கிய இடத்துக்கே போடுகிறார்கள் என்பதும் இல்லை. நாலு பக்கமும் வாங்கிவிட்டு மனசுக்குப் பிடித்தவருக்குப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஓட்டு ரகசியம், யார் என்ன கொடுத்தாலும் உங்க விருப்பம்" என்று வீட்டுக்குள் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் போதும். மிரட்டலும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம்.

நோட்டீஸ், போஸ்டர் எல்லாவற்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி கட்டாயம் இருக்க வேண்டும், எத்தனை பிரதி என்பதையும் போட்டுவிடுங்கள். சுவரில் எழுதாதீர்கள், அது இன்னொரு வழக்கு. வண்டிக்கு வாங்கிய அனுமதிச் சீட்டு கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். நகல் வேண்டாம், அசலையே ஒட்டுங்கள். ஜாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை. அண்ணன் பேச மாட்டார் என்றாலும் மேடையில் ஏறும் சித்தப்பா பேசிவிடுவார், அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வாக்குப்பதிவு நாளுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த 60 பூத்துக்கும் முகவர் வேண்டும். முடிந்தவரை அதே பூத்தின் வாக்காளராக இருக்கட்டும், ஓட்டுப் போட வருபவர் முகம் அவருக்குத் தெரியும். காலையில் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்க வேண்டும். குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணி, அழித்துக் காட்டிவிட்டுத்தான் சீல் வைப்பார்கள். அந்த 50இல் உங்கள் சின்னத்துக்கும் ஓட்டுப் போட்டு, விவிபேட்டில் 7 விநாடி தெரியும் சீட்டில் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் படிவம் 17சி நகலைக் கையில் வாங்காமல் முகவர் வெளியே வரக் கூடாது. எத்தனை ஓட்டுப் பதிவானது என்பது அதில் இருக்கும். எங்கள் முகவர்களில் சிலர் சாப்பாடு வரவில்லை என்று மத்தியானம் எழுந்து போய்விட்டார்கள். அது முழுக்க என் தப்பு. சாப்பாட்டு வண்டி ஒன்றே ஒன்று, பூத்களோ இருபது கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடந்தன. பூத்துக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒருவருக்குச் சமைத்துக் கொடுக்கச் சொல்லி ஏற்பாடு செய்வதுதான் வழி.

வாக்கு எண்ணிக்கை அன்று சுயேச்சைக்குப் பெரிய வேலை இல்லை. காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, பிறகு வழக்கமாக 14 மேசையில் சுற்றுச் சுற்றாக இயந்திரம். 17சியில் உள்ள எண்ணும் இயந்திரம் காட்டும் மொத்தமும் ஒத்துப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். தபால் ஓட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். 2016இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசம், செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளைப் பற்றித்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

உங்களுக்கு அந்த நாளில் தேவையானது பூத் வாரியான எண்ணிக்கை. ஒவ்வொரு சுற்றிலும் எங்கே எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தபால்காரர் மாதிரி ஆள் உட்கார்ந்த பூத்தும் வேன் மட்டும் போன பூத்தும் எப்படி வித்தியாசப்படுகின்றன என்று அப்போது தெரியும்.

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும், தோற்றவரும் கொடுத்தாக வேண்டும். தோற்ற சோர்வில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அதற்காக மூன்று ஆண்டு தகுதி நீக்கம் வரலாம். உள்ளாட்சித் தேர்தலில் மறுபடி நிற்க நினைக்கிறவருக்கு இந்த மாதிரி ஒரு பெயர் தேவையா? நான் 27ஆம் நாள் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, வேட்பாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மனைவி அதை வாங்கி ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் வைத்தார்.

இப்போதைக்கு உங்கள் ஊர் பாகம் பட்டியலை எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள், தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாக இருக்கிறது. அண்ணனும் நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எத்தனை பெயருக்கு முகம் தெரிகிறது என்று டிக் அடித்துப் பாருங்கள். சொந்த ஊரிலேயே பாதிக்குக் கீழே வந்தால், அடுத்த தேர்தலுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று மறுபடி எழுதுங்கள், அதற்கும் பதில் சொல்கிறேன்.